கம்ப்யூட்டரில் அழுத பிள்ளை

பிறந்த பிள்ளையைத் துடைத்து, தலைக்குத் தொப்பி மாட்டி, தாயின் மாரில் கிடத்துகிற வேலையை என்னைப்போல் இத்தனை தடவை செய்தவள் சேரன்மகாதேவி வட்டாரத்தில் எவளும் இருக்க மாட்டாள். பெற்றவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவ்வளவையும் நான் மௌஸால் செய்தேன் என்பது ஒன்றுதான் குறை.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், பட்டா நகல், சாதிச் சான்றிதழுக்கு மனு, பரீட்சை ரிசல்ட் என்று பிழைப்பு ஓடுகிறது. ஒரு நாள் காலையில் எங்கள் பகுதிச் சுகாதார நர்ஸ் உள்ளே வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தன் போனை மேசையில் வைத்தார். கர்ப்பிணிகளுக்குப் பச்சைப்பிள்ளைப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆப் வந்திருக்கிறதாம். திரையில் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பழக வேண்டுமாம். அவருடைய போனில் இடம் இல்லை, அது ஏறவே மாட்டேன் என்கிறது.

“ஒங்க கம்ப்யூட்டர்ல ஓடுமான்னு பாருங்களேன். பெருசா தெரிஞ்சா நாலு பேரு சேந்து பாக்கலாம்லா,” என்றார்.

போனுக்கென்று செய்த ஆப் கம்ப்யூட்டரில் சும்மா ஓடிவிடாது. கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பொய்ப் போனை உண்டாக்கி, அதற்குள் ஆப்பை ஏற்ற வேண்டும். எமுலேட்டர் என்பார்கள். என் கம்ப்யூட்டரோ கிழடு. எமுலேட்டரைப் போட்டதும் உள்ளே ஃபேன் பம்ப்செட் மாதிரி இரைந்தது, திரை அப்படியே நின்றுபோனது. அணைத்துப் போட்டு, ஆரம்பிக்கும்போதே செட்டிங்குக்குள் புகுந்து ஒன்றை மாற்றி, மறுபடி போட்டு, மறுபடி நின்று, ஜெராக்ஸுக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்து, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் அது வழிக்கு வந்தது. அகலத் திரையின் நடுவில் ஒரு சின்னப் போன் செங்குத்தாக நின்றது. இரண்டு பக்கமும் வெறும் கறுப்பு. அந்தப் போனுக்குள் ஒரு பிள்ளை, பிறந்த ஈரம் காயாமல், கையைக் காலை உதறிக்கொண்டு அழுதது. ஸ்பீக்கரைக் குறைத்துவைக்க மறந்திருந்தேன். பக்கத்துச் செருப்புக்கடை அண்ணாச்சி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, கடைக்குள்ள பிள்ள அழுத சத்தம் கேக்கு?”

“கம்ப்யூட்டர்ல, அண்ணாச்சி.”

“அப்படியா,” என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். பாவம், கம்ப்யூட்டரிலாவது அழட்டும் என்கிற பார்வை. எனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் என்பதை என்னைவிட ஊர்தான் சரியாகக் கணக்கு வைத்திருக்கிறது. பார்க்காத டாக்டர் இல்லை. வண்ணார்பேட்டையில் எந்த ஸ்கேன் சென்டரில் எந்த நாற்காலிக்குக் கால் ஆடும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஒன்றும் தங்கவில்லை. “ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்” என்று எனக்குச் சொல்லாத ஆள் கிடையாது. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊட்டுவதற்கு ஊரார் தங்கள் பிள்ளையை என்னிடம் கொடுத்தால்தானே.

ஆகவே கடையில் ஆளில்லாத மத்தியான வேளையில் நான் அந்த ஆப்பைத் தனியாகப் போட்டுப் பார்ப்பேன். துணியை மௌஸால் பிடித்து உடம்பெல்லாம் இழுத்துத் துடைத்தால் அழுகை அடங்கும். ஈரத்துணியை அப்புறப்படுத்திவிட்டுக் காய்ந்த துணியை எடுக்க வேண்டும். தொப்பி மாட்ட வேண்டும். தாயின் மாரில் குப்புறக் கிடத்தி மேலே போர்த்த வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தால் நட்சத்திரம் கொடுக்கும். நான் தவறாமல் நட்சத்திரம் வாங்கினேன். வாங்கி என்ன செய்ய? தாயின் இடத்தில் இருந்த பெண்ணுக்கு முகம்கூட ஒழுங்காக வரையவில்லை. ஆனாலும் பிள்ளை அவளிடம்தான் போய் ஒட்டிக்கொண்டது.

வாரத்துக்கு ஒரு நாள் கர்ப்பிணிகள் வந்தார்கள். என் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். நர்சம்மா சொல்லச் சொல்ல நான் மௌஸைப் பிடித்து ஓட்டுவேன். ஒருத்தி நெஞ்சு கரிக்கிறது என்பாள். இன்னொருத்திக்குக் கால் வீக்கம். இவ்வளவையும் அலுப்பு மாதிரிச் சொல்வார்கள், ஆனால் பெருமை வழியும். “அக்கா, உதைக்கான், கைய வச்சுப் பாருங்களேன்,” என்று ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கிவிட்டது என்று நான் எழுந்து போய்விட்டேன். பேப்பர் ஒன்றும் சிக்கவில்லை. அவர்கள் அத்தனை பேரையும் அந்த நேரத்தில் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்களில் என் ஓரகத்தியும் ஒருத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. வந்த வருஷமே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். தாயில்லாத பெண் என்பதால் பிரசவமும் எங்கள் வீட்டுப் பொறுப்பு என்றாகிவிட்டது. மாமியார் அவளுக்கு மாதுளை உரித்துக் கொடுப்பாள். எனக்குக் கத்தரிக்காய் நறுக்குகிற வேலை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் மனசாரத் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன். அவளோ உரித்த மாதுளையில் பாதியைக் கிண்ணத்தில் போட்டு, “அக்கா, நீங்க சாப்பிடுங்க,” என்று கொண்டுவந்து நீட்டுவாள். அதைத் தின்னவும் முடியாது, வேண்டாம் என்றால் பொறாமை என்பார்கள்.

ஒரு பாடத்தில் பிள்ளையின் தலை தொங்காமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். “போனைப் பைய இடப்பக்கம் சாய்க்கணும், அப்பத்தான் தல நேரா வரும்,” என்றார் நர்சம்மா. கம்ப்யூட்டரை எங்கே சாய்க்க? நான் கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைப்பிள்ளையின் தலை தொங்கிக்கொண்டே இருந்தது, அழுகை ஏறிக்கொண்டே போனது. என் ஓரகத்திக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே இடப்பக்கம் சாய்த்துவிட்டாள். இன்னொருத்தி அந்தப் பக்கம் தாங்கினாள். பின்னால் மானிட்டர் வயரும் ஸ்பீக்கர் வயரும் பிடுங்கிக்கொண்டு, திரை இருண்டு, அழுகை பாதியில் நின்றது.

“ஐயையோ, பிள்ளைக்கு என்னாச்சி,” என்றாள் ஓரகத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். நர்சம்மா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையோரத்தில் அவள் வயிறு அழுந்திக்கொண்டிருந்தது. உண்மைப் பிள்ளை உள்ளே இருக்கும்போது என்னுடைய பொய்ப் பிள்ளையையும் இவள்தான் தாங்க வேண்டுமா என்று இருந்தது. வயர்களைச் சொருகிவிட்டுத் தேடினேன். அம்புக்குறிப் பொத்தானை அமுக்கினால் போன் சாய்ந்ததாக எமுலேட்டர் எடுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தேன். தலை நேரானது.

அதற்கு அடுத்த பாடம் பிள்ளைக்கு முதல் ஆகாரம். சங்கில் சீனித்தண்ணி, தேன், பசும்பால், தாய்ப்பால் என்று படங்கள் வரும். எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்கும்.

“எங்க வீட்ல மொதல்ல சேனைதான்,” என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒருவர் சீனித்தண்ணியைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்போம். வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் நல்ல பேரெடுத்தவர்களாக, பிள்ளைகுட்டியோடு நிறைவாக வாழ்கிறவர்களாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். பிள்ளை வளர்ந்து அடம்பிடித்தால், “ஒனக்கு யாரு சேனை வச்சா?” என்று கேட்பார்கள். என்னை இதுவரை ஒரு வீட்டிலும் சேனை வைக்கக் கூப்பிட்டதில்லை. கூப்பிடவும் மாட்டார்கள். சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் சங்கு யார் கைக்குப் போகிறது என்று பார்த்து நிற்பேன். எனக்கு வேண்டியதாக இருந்தது அது ஒன்றுதான். ஒரே ஒரு பிள்ளையாவது என் குணத்தோடு இந்த ஊரில் நடமாட வேண்டும்.

நான் சீனித்தண்ணியைத் தொட்டேன். பிள்ளை வீறிட்டது. படத்தின்மேல் சிவப்பில் பெருக்கல் குறி விழுந்தது.

“பாத்தியளா,” என்றார் நர்சம்மா. “அந்தத் தண்ணியில, சங்குல என்ன கிருமி கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? இனிப்பக் குடுத்து வயித்த நெறச்சிட்டா பிள்ள பால இழுத்துக் குடிக்காது. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் ஒண்ணுதான். சேனையும் கெடையாது, கீனையும் கெடையாது.”

சேனை என்றவள் நம்பாமல் பார்த்தாள். நான் மறுபடி தொட்டேன். மறுபடி சிவப்பு. இன்னொரு தடவையும் தொட்டேன். அது அவளுக்காக இல்லை, எனக்காக. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. எனக்குக் கிடைக்காததை இனி எவளும் எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. வேறென்ன வேண்டும்?

ஓரகத்திக்கு வளைகாப்பு வந்தது. என்னை அடுப்படியில் எலுமிச்சஞ்சாதம் கிளறச் சொல்லிவிட்டார்கள். வெளியே வளையல் சத்தம். “அக்கா எங்க?” என்று அவள் கேட்டதும், “அவளுக்கு உள்ள வேல கெடக்கு,” என்று மாமியார் சொன்னதும் என் காதில் விழுந்தன. முதல் வளையல் போட்டது ஆழ்வார்குறிச்சி மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ஒருவரிடமும் கெட்ட பேர் வாங்காதவர். அவர் நல்லவராக இருப்பதும் எனக்குப் பிடிக்காது.

சாப்பாட்டுப் பந்தியில் மாமியார் எல்லாரும் கேட்கச் சொன்னாள், “பிள்ளைக்கு என் மகதான் சேனை வைக்கா.”

நான் கரண்டியோடு நின்றேன். “சேனை வைக்கக் கூடாது அத்தை. நர்சம்மா அவ்வளவு சொல்லியிருக்காவ.”

“ஒன் புருஷனுக்கு வச்சோம். அவன் தம்பிக்கு வச்சோம். செத்தா போனானுவ?” என்றாள் மாமியார். பிறகு பக்கத்து இலைக்காரியிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள், “வயித்தெரிச்சல்ல சொல்லுதா. வேற ஒண்ணுமில்ல.”

இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. மதினிக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கு எனக்கு அந்தக் கிருமியெல்லாம் ஞாபகம் வந்திருக்குமா? சாதத்தைப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டேன். கண்ணீர் வந்தது, கோபத்தில்தான்.

பிரசவம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் நல்லபடியாக நடந்தது. ஆண்பிள்ளை. பிரசவ அறைக்குள்ளேயே மாரில் போட்டுப் பார்த்தார்களாம், பிள்ளை சரியாகப் பிடிக்கவில்லை. வார்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி மறுபடி போடச் சொல்லிவிட்டு, அங்கே இருந்த நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் அங்கிட்டுத் திரும்பட்டும் என்றுதான் மாமியார் காத்திருந்தாள். மதினி ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். மாமியாரின் முந்தானைக்குள்ளிருந்து வெள்ளிச் சங்கு வெளியே வந்தது. டம்ளரில் சீனித்தண்ணியைக் கலக்கி, சங்கில் ஊற்றி, மதினி கையில் கொடுத்தாள். நான் கட்டில் காலடியில் நின்றேன். நர்சைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

அப்போது ஓரகத்தி சொன்னாள், “அக்கா வைக்கட்டும்.”

“எந்த அக்கா?” என்றாள் மாமியார்.

“எங்க அக்கா.” என்னைக் கை காட்டினாள். குரல் எழும்பவில்லை, களைத்துக் கிடந்தாள். “அவியதான் வைக்கணும். எம்பிள்ளைக்கு அவிய குணம் வரட்டும்.”

மாமியார் மதினியைப் பார்த்தாள். பெற்றுப் போட்டுக் கிடப்பவளிடம் எதிர்த்துப் பேச முடியுமா? மதினி ஒரு நிமிஷம் யோசித்தார். “பிள்ளை பெத்தவ ஆசப்படுதா. நீயே வையி,” என்று சங்கை என் கையில் கொடுத்தார்.

கையில் சங்கு. அந்த வார்டில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனை வீட்டு வாசலில் நின்று இதற்காக எரிந்திருக்கிறேன். மாமியார் கண் முன்னால், மதினி கையிலிருந்து வாங்கி, நான் வைக்கப் போகிறேன். ஒரு சொட்டு. ஒரு சொட்டில் என்ன வந்துவிடும்? பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாயைச் சப்பியது. விரலை நனைத்துவிட்டேன். நனைத்த விரலைப் பார்த்தேன். அந்தச் சிவப்புக் குறியை நானே எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். எனக்குக் கிடைக்கவில்லை என்றபோது விஷமாக இருந்த தண்ணி எனக்குக் கிடைத்ததும் தீர்த்தமாகிவிடுமா? அப்படி ஆகட்டுமே என்றுதான் மனசு கெஞ்சியது. அந்தச் சின்ன வாயைப் பார்த்தபோது கை போகவில்லை.

“வேண்டாம்,” என்றேன்.

ஓரகத்தியின் முகம் வாடிப்போனது. “ஏன் அக்கா?”

“பாத்தியா,” என்றாள் மாமியார். “கையில குடுத்தும் வைக்க மனசு வரல.”

நான் சங்கை வாஷ்பேசினில் கவிழ்த்தேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். பிள்ளையை எடுத்தேன். மூஞ்சூறு மாதிரி இருந்துகொண்டு என்ன சூடு, என்ன கனம். தலையையும் கழுத்தையும் தாங்கி, உடம்பு முழுவதையும் அவள் பக்கம் திருப்பி, வாய் அகலத் திறக்கிற வரைக்கும் பொறுத்திருந்து மாரோடு சேர்த்தேன். விட்டுவிட்டது. மறுபடி சேர்த்தேன். பிடித்துக்கொண்டது. தாடை அசைந்தது. இழுத்து இழுத்துக் குடித்தது. அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள், என்னைப் பார்க்கவில்லை. நான் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் சேர்த்துவிட்டேன், அது அவளைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அந்த நிமிஷத்திலும் எனக்கு எரிந்தது.

சேனை வைக்கச் சொல்லியும் வைக்காதவள் என்று மாமியார் ஆற்றங்கரை வரைக்கும் சொல்லிவைத்தாள். சேனையே இல்லாமல் வளர்கிற பிள்ளை என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஓரகத்தி என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தொட்டிலில் போட்ட அன்று அவளிடமிருந்து பாயசம் வந்தது, பேச்சு வரவில்லை. பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து, “இவனப் பிடிங்க, ரேஷன் கடைல கூட்டமா இருக்கு,” என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அவ்வளவுதான் சமாதானம். அவள் மனசில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவன் ஓடுகிறான், பேசுகிறான். போன வாரம் புதிதாக வந்த கர்ப்பிணிகளுக்கு நான் அதே பாடத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். நர்சம்மா வர நேரமாகியிருந்தது. ஓரகத்தி அவனோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து மௌஸைப் பிடித்துக்கொண்டு தர மாட்டேன் என்று தரையில் உருண்டான். பிடுங்கினால் கூரை பிய்கிற மாதிரிக் கத்தல். கொடுத்தாலும் கத்தல்.

“யம்மா, என்ன அடம். யாரு சேனை வச்சா இவனுக்கு?” என்றாள் ஒரு பெண் சிரித்துக்கொண்டே.

“எங்க அக்காதான்,” என்றாள் ஓரகத்தி. யோசிக்கவே இல்லை, சட்டென்று சொல்லிவிட்டாள்.

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் திரையில் சீனித்தண்ணிப் படமும் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறியும்.

“அப்ப ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு வைக்கலாம், எங்க பிள்ளைக்கு வைக்கக் கூடாதோ?” என்றாள் அந்தப் பெண். அவளுக்கு மாசம் நெருங்கியிருந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அடம் என்னுடையது, அந்தக் கத்தல் என்னுடையது என்று ஊர் முன்னால் ஆகிவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தேன். நான் ஆமாம் என்றால் இவள் வீட்டில் சங்கு தயார்.

“இல்ல,” என்றேன். “நான் வைக்கல. யாருமே வைக்கல. இவன் அம்ம பால்தான் மொதல்ல குடிச்சான். அடம் அவனுக்குத் தன்னால வந்தது.”

மௌஸை அவனிடமிருந்து பிடுங்கித் தாய்ப்பால் படத்தைத் தொட்டேன். நட்சத்திரம் வந்தது. அவன் கத்தினான். பாடத்தை முடித்து அவர்களை அனுப்புகிற வரைக்கும் நான் ஓரகத்தி பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள், “ஏன் அக்கா, ஆமான்னு சொன்னா கொறஞ்சா போயிருவிய? நான் எல்லார்ட்டயும் அப்படித்தான சொல்லுதேன்.”

“எல்லார்ட்டயுமா?”

“பின்ன? வேற யாரச் சொல்ல? இவன் அடம்பிடிச்சா, எல்லாம் ஒன் பெரியம்ம வச்ச சேனைன்னு இவன்ட்டயே சொல்லுதேன்.”

மாமியாரிடமும் அப்படித்தான் சொல்கிறாளா, மதினியிடமும் சொன்னாளா என்றெல்லாம் கேட்க ஆசையாக இருந்தது. அவன் தரையில் கிடந்தபடி என்னை முறைத்தான்.

“கடைல வச்சு மட்டும் அப்படிச் சொல்லாதட்டி,” என்றேன். “வெளிய சொல்லிக்கோ.”